ஓரேட்டில் எல்லாம்: அலுவற் செயலிகளின் ஒப்பாய்வு

முன்னுரை

எத்தொழிலைச் செய்வாரும் இரு வேலைகளைச் செய்கின்றனர். ஒன்று அத்தொழில், மற்றொன்று அதனைப் பற்றிய குறிப்பு. உழவர் விதைத்த நாளையும், வணிகர் கொடுத்த கடனையும், ஆசிரியர் மாணவரின் வருகையையும் குறித்து வைக்கின்றனர். குறிப்புச் சீர்ப்படின் தொழிலும் சீர்ப்படும். குறிப்புச் சிதறின், செய்த வேலையும் செய்யாதது போலாகும். இதனை நம் மாவட்டத்தின் வரலாறே எடுத்துக் காட்டுகின்றது.

1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானோடு செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் நாடு ஆங்கிலக் கம்பெனியார் வசமாயிற்று. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் அந்நாட்டைச் சேர்ந்தவை. அதனை அளந்து வரித்திட்டம் செய்யக் காப்டன் அலெக்ஸாண்டர் ரீட் என்பார் நியமிக்கப்பட்டார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக விளங்கிய தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளருள் ஒருவராக 1799 வரை பணியாற்றினார். அவர்கள் எழுதிவைத்த கடிதங்களும் கணக்குகளும் அறிக்கைகளும், ஆட்சி, மக்கள், விளைபொருள், சொத்து, நிலவரி முதலிய தலைப்புகளின் கீழ் வகுக்கப்பட்டு, 'பாரமகால் ரெக்கார்ட்ஸ்' என்னும் பெயரால் இருபதாம் நூற்றாண்டில் சென்னை அரசாங்கத்தாரால் அச்சிடப்பெற்றன. எழுதினோர் மறைந்தனர், எழுதுவித்த கம்பெனியும் மறைந்தது. ஆயினும் நூறாண்டு கழித்து, முன்பின் அறியாத வேறொருவர் அக்கட்டுகளை அவிழ்த்துப் படிக்கவும் பகுக்கவும் இயன்றது. இதனை மனத்திற் கொண்டு, இக்காலத்தில் நம் கைக்கு வந்துள்ள அலுவற் செயலிகளை ஆராய்வோம்.

நாகரசம்பட்டியில் நேர்ந்தது

இவ்வாராய்ச்சியில் யாம் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகட்கு முன் எம் மாணவர் குழுவொன்று, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பேரூராகிய நாகரசம்பட்டிக்குச் சென்று மாந்தோப்புக்காரர் சிலரைக் கண்டது. மா பூத்த காலம், மருந்தடித்த நாள், காய் இறக்கிய எடை, மண்டியிற் கிடைத்த விலை ஆகியவற்றைக் கேட்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு செயலியிற் பதிந்து வந்தோம். முதியவர் ஒருவர் தம் சிறு நோட்டுப் புத்தகத்தையே எம்மிடம் கொடுத்தார். பல பருவங்களின் கணக்கு அதில் இருந்தது. அதனை முழுதும் செயலியில் ஏற்றியபின், "ஐயா, இனி இதற்கு அழிவே இல்லை" என்று பெருமையுடன் கூறி நோட்டைத் திருப்பித் தந்தோம். அட்டை கிழிந்து கரையான் அரித்திருந்த அந்நோட்டை, எம் சொல்லை நம்பி, அவர் பின்னர்ப் பேணாது விட்டார்.

செயலியிற் கணக்கைத் தம் பெயரால் திறந்திருந்தவர் ஒரே மாணவர். அவர் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றார், கைபேசி எண்ணை மாற்றினார், கடவுச்சொல்லையும் மறந்தார். பின்னொரு பருவத்தில் அப்பெரியவர், "தம்பி, மூணு வருசத்துக்கு முந்தி எந்தத் தேதியில மருந்தடிச்சேன்னு பார்த்துச் சொல்லுப்பா" என்று கேட்டபோது, எம்மிடம் விடை இல்லை. அவரிடம் நோட்டும் இல்லை. இதிற் செயலியின் குற்றம் சிறிதும் இன்று, குற்றம் எம்முடையதே. உள்ளே இடுவது எப்படி என்று கற்றோமேயன்றி, வெளியே எடுப்பது எப்படி என்று கற்றோமில்லை.

ஒருங்கிணைந்த செயலி என்பது யாது?

கடிதம் எழுத ஒன்று, கணக்கிட ஒன்று, நாட்குறிப்புக்கு ஒன்று, வேலைப் பங்கீட்டுக்கு ஒன்று எனப் பல கருவிகளை வைத்துக்கொள்வதற்கு மாறாக, அனைத்தையும் ஓரிடத்திற் செய்ய உதவுவதே ஒருங்கிணைந்த செயலியாகும். இவ்வெண்ணம் புதியதன்று. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்பது அட்டவணை, வரைபடம், தரவுப் பட்டியல் என்னும் மூன்றையும் ஒன்றாக்கியது. 1984இல் அந்நிறுவனத்தாரே வெளியிட்ட சிம்பொனி, எழுத்து வேலையையும் அவற்றோடு சேர்த்தது.

இன்றைய செயலிகள் அமைப்பினால் இருவகைப்படும். முதல்வகை நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் போன்றது. பெட்டி ஒன்று, ஆயினும் கடுகின் கிண்ணம் வேறு, மிளகின் கிண்ணம் வேறு. மைக்ரோசாப்ட் 365, கூகுள் ஒர்க்ஸ்பேஸ், ஜோஹோ ஒர்க்பிளேஸ் ஆகியவை இவ்வகையின. இரண்டாம் வகை செங்கற் கட்டடம் போன்றது. ஒரு பத்தி, ஒரு படம், ஒரு பட்டியல் யாவும் ஒரேவகைக் கல். அவற்றை அடுக்கி வேண்டியவாறு பக்கம் எழுப்பலாம். நோஷன் என்னும் செயலி இவ்வகையிற் புகழ்பெற்றது.

பட்டறையின் தேவை

நம் எல்லைப்புறத்தில் ஓசூர்ச் சிப்காட் தொழிற்பேட்டையில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ். மோட்டார், டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகள் நிலைபெற்றுள்ளன. போச்சம்பள்ளிப் பக்கம் 2021 முதல் மின்சார இருசக்கர வண்டித் தொழிற்சாலையும் எழுந்தது. இத்தகைய ஆலைகளுக்கு உறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் இப்பகுதியிற் பல. நம் மாணவருள் பலர் வேலைக்குச் சேருமிடமும் இவையே. ஆதலின் ஒரு சிறு லேத்துப் பட்டறையை உதாரணமாகக் கொள்வோம்.

அதன் முதலாளி காக்கவேண்டியவை: ஆலையார் தரும வரைபடம், கொள்முதல் ஆர்டர், இரும்பின் தரச் சான்றிதழ், வெப்பப் பதனிட்ட சான்று, பரிசோதனை அறிக்கை, அளவு கருவிகளைச் சரிபார்த்த பதிவு, டெலிவரி சலான், சரக்கு சேவை வரிப் பட்டியல் என்பன. இவற்றுட் சில வாட்ஸ்அப்பிலும், சில எக்ஸெல் கோப்பிலும், சில சுவரில் ஒட்டிய தாளிலும், சில மேஸ்திரியின் சட்டைப்பையிலும் கிடக்கும். வரைபடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த எண் உண்டு. ஆலையார் துளையின் அளவைச் சிறிது மாற்றிப் புதிய திருத்தத்தை அனுப்பியிருக்க, மேஸ்திரி சுவரிலுள்ள பழைய தாளைப் பார்த்துக் கடைவாராயின், அத்தொகுதி முழுதும் திரும்பி வரும். இரும்புக்கும் கூலிக்கும் மின்சாரத்துக்கும் ஆன செலவு முதலாளி தலைமேல் விழும். சிறு பட்டறைக்கு அஃது எளிதில் தாங்கும் நட்டமன்று.

அன்றியும், மோட்டார் வாகனத் தொழிலுக்குரிய தர நியமமாகிய ஐ.ஏ.டி.எஃப். 16949, 2016இல் வெளியிடப்பட்டது. ஓர் உறுப்புக்கு ஆலையார் ஒப்புதல் தந்த ஆவணம் முதலியவற்றை, அவ்வுறுப்பு உற்பத்தியிலும் பழுதுநீக்கச் சேவையிலும் வழங்கும் காலம் முழுதும், அதன் மேலும் ஒரு நாட்காட்டியாண்டும் காத்தல் வேண்டுமென அது விதிக்கின்றது. சாலையில் ஓடும் வண்டிக்கு மாற்று உறுப்பு எத்தனை ஆண்டு வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பல வேளைகளிற் செயலியின் ஆயுளைக் காட்டிலும் பதிவின் ஆயுள் நீண்டது. இஃதொன்றே நம் ஒப்பாய்வுக்கு அளவுகோலாகத் தகும்.

தனித்தனி ஆராய்தல்

(1) நோஷன். இந்நிறுவனம் 2013இல் ஐவன் ஜாவ், சைமன் லாஸ்ட் என்போரால் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்டது. முதல் முயற்சி தோல்வியுறும் நிலையில் 2015இல் அவ்விருவரும் ஜப்பானிலுள்ள கியோட்டோ நகருக்குச் சென்று, செயலியைப் புதிதாக எழுதினர். 2016இல் அது வெளிவந்தது. 2018இல் தரவுப் பட்டியல்கள் சேர்ந்தன. இதன் தலையாய சிறப்பு, ஒரே பட்டியலை அட்டவணையாகவும், நாட்காட்டியாகவும், வேலைப் பலகையாகவும் மாற்றி மாற்றிக் காணலாம் என்பது. நம் பட்டறையில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பக்கம் திறந்து, அதனோடு வரைபடத்தையும் அளவு கருவியையும் ஆர்டரையும் பிணைக்கலாம். எத்திருத்தம் நடப்பிலுள்ளது என்பது ஒரு பார்வையில் விளங்கும்.

குறைகளும் உள. 2025 ஆகஸ்டு வரையில் இணையம் இன்றி இதனைச் செவ்வனே ஆள இயலாதிருந்தது. அதன்பின் அவ்வசதி வந்ததாயினும், வேண்டிய பக்கங்களை முன்னரே இறக்கி வைத்தல் வேண்டும். இலவச நிலையில் ஒரு கோப்பு 5 எம்.பி.க்கு மேற்படலாகாது, வரைபடங்கள் பல இவ்வளவைத் தாண்டுவன. வெளியே எடுக்குங்கால் எழுத்து மார்க்டவுன் அல்லது எச்.டி.எம்.எல். வடிவிலும், பட்டியல் சி.எஸ்.வி. வடிவிலும் வரும். ஆயின் பக்கங்களுக்கிடையே நாம் அமைத்த பிணைப்பும், பலவகைக் காட்சிகளும் முன்போல் இயங்கா. செங்கல் கிடைக்கும், கட்டடம் கிடைக்காது. பக்கத்தை அழகு செய்வதிலேயே பொழுது போய்விடும் என்பதும் இளைஞர் எச்சரிக்கையாயிருக்க வேண்டியதோர் இடம்.

(2) கூகுள் ஒர்க்ஸ்பேஸ். 2006இல் ரைட்லி என்னும் செயலியைக் கூகுள் நிறுவனத்தார் விலைக்கு வாங்கினர். அதிலிருந்து வளர்ந்ததே கூகுள் டாக்ஸ். ஒர்க்ஸ்பேஸ் என்னும் பெயர் 2020இல் வந்தது. பலர் ஒரே தாளில் ஒரே வேளையில் எழுதுதற்கு இதனினும் எளியது காண்டல் அரிது. கைபேசியே கணினியாகவுடைய தொழிலாளர்க்கும் இது விரைவிற் கைவரும். தனியாள் கணக்குக்கு 15 ஜி.பி. இடம் இலவசம், அஞ்சலும் படங்களும் அதனுள்ளேயே அடங்கும்.

இதில் ஒரு நுட்பம் அறியத்தக்கது. கணினியிற் காணும் கூகுள் டாக்ஸ் கோப்பு உண்மையில் கோப்பன்று. இணையத்திலுள்ள தாளைச் சுட்டும் ஒரு முகவரிச் சீட்டே. அதனைப் பென்டிரைவில் நகலெடுப்பவர் சீட்டைத்தான் எடுத்துச் செல்கின்றனர். பதிவிறக்கம் செய்து வேறு வடிவமாக்கினாலன்றித் தாள் கைக்கு வாராது. இரண்டாண்டுகள் தொட்டும் பாராத தனியாள் கணக்குகளை நீக்குவதை 2023 டிசம்பர் முதல் கூகுள் நிறுவனத்தார் மேற்கொண்டனர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

(3) மைக்ரோசாப்ட் 365. பெரிய ஆலைகளிலிருந்து பட்டறைக்கு வரும் படிவங்கள் பெரும்பாலும் எக்ஸெல் வடிவின. ஆதலின் இதனை முற்றும் ஒதுக்குதல் பட்டறைக்காரர்க்கு அரிது. கணினியில் நிறுவிய வேர்டும் எக்ஸெலும் இணையம் அற்றபோதும் இயங்குவன. மின்சாரமும் இணையமும் இடையிடையே நின்றுவிடும் ஊர்ப்புறத்தில் இது பெரிய உதவி. இவற்றின் கோப்பு வடிவம் 2008இல் ஐ.எஸ்.ஓ. 29500 என்னும் சருவதேச நியமமாயிற்று. ஆதலின் சந்தாவை நிறுத்திய பின்னரும், விலையின்றிக் கிடைக்கும் லிப்ரேஆபீஸ் போன்ற வேறு மென்பொருளால் அக்கோப்பைத் திறக்கலாம். நோஷனை ஒத்த லூப் என்னும் பகுதியும் 2023 நவம்பரில் பொதுவழக்கிற்கு வந்தது. குறை யாதெனின், வாயில்கள் மிகுதி. ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட், டீம்ஸ் என்னும் மூன்றில் கோப்பு எங்கே உள்ளது என்று தேடுவதே புதியவர்க்கு ஒரு வேலையாகின்றது.

(4) ஜோஹோ. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயருடன் தோன்றி, 2009இல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆயிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்நிறுவனம் 2011இல் தென்காசிப் பக்கத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் திறந்தது. ஜோஹோ ரைட்டர் வெளிவந்தது 2005இல், அஃதாவது கூகுள் டாக்ஸுக்கும் முன்னர். 2017இல் ஜோஹோ ஒன் என்னும் பெருந்தொகுதி வந்தது. அஞ்சல், தாள், அட்டவணை, கோப்பறை என்பவற்றோடு விற்பனைக் கணக்கும் வரிப்பட்டியலும் ஒரே குடும்பத்துள் இருப்பது வணிகர்க்கு ஏற்றது. சென்னையிலும் மும்பையிலும் இதற்குத் தரவு நிலையங்கள் உள. 2025 அக்டோபரில் மத்தியக் கல்வி அமைச்சகம் தன் அலுவலர்கள் ஜோஹோவின் அலுவல் தொகுதியை ஆளவேண்டுமென அறிவுறுத்தியது. எனினும் கிண்ணங்கள் மிகப் பல. ஒவ்வொன்றன் பழக்கமும் தனித்தனியே வரவேண்டும். எக்ஸெலில் எழுதிய சிக்கலான படிவங்களை இதிற் கையாளுமுன் சரிபார்த்தல் வேண்டும். நம் நாட்டது என்னும் அன்பு ஒருபுறமிருக்க, வேலைக்குப் பொருந்துமா என்னும் வினாவை இதன்பாலும் எழுப்புதலே நேர்மை.

(5) ஆப்சிடியன். 2020இல் வெளிவந்த இது மேற்கூறியவற்றினின்று வேறுபட்டது. எழுதுவன யாவும் நம் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கிடக்கும். கணக்குத் திறக்க வேண்டா, இணையமும் வேண்டா. செயலி நாளையே இல்லாதொழியினும், எந்த எழுத்துக் கருவியாலும் அக்கோப்புகளைப் படிக்கலாம். தனியே பயிலும் மாணவர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் மிக ஏற்றது. பலர் கூடி ஒரே தாளில் எழுதுதற்கும், கணக்குகளுக்கும் இது பொருந்தாது.

கருவியின் ஆயுள்

இனி, அளவுகோலுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ஸ்கிஃப் என்னும் அஞ்சல், ஆவணச் செயலியை நோஷன் நிறுவனத்தார் வாங்கினர். அதனை ஆண்டவர்களுக்குத் தம் பொருளை எடுத்துக்கொள்ள ஆறு திங்கள் தவணை தரப்பட்டு, அதன்பின் அது மூடப்பட்டது. ஒரு காலத்திற் குறிப்பேடு என்றாலே எவர்நோட் என்றிருந்தது. அது கைமாறிய பின், 2023 டிசம்பரில் இலவசமாக ஆள்வோர்க்கு 50 குறிப்புகளே என வரம்பிடப்பட்டது. 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசின் தடைவிதிகளை முன்னிட்டு, ரஷ்யாவிலிருந்தோர்க்கு நோஷன் சேவை நிறுத்தப்பட்டது.

நம் நாட்டிலும் ஓர் நிகழ்ச்சி உண்டு. 2025 ஜூலையில், எண்ணெய் சுத்திகரிக்கும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின்மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. அதனையடுத்து மைக்ரோசாப்ட் சேவைகள் அந்நிறுவனத்துக்கு நின்றன. அந்நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிற்று. சில நாட்களில் சேவை மீண்டது. உயர்நீதிமன்றம் செல்ல வலிமையுடைய பெருநிறுவனத்துக்கே இந்நிலை நேருமாயின், பத்துப்பேர் வேலை செய்யும் பட்டறை என்செய்யும்? இவை ஒருவரைப் பழித்தற்குக் கூறியன அல்ல. கடை இருப்பதும் மூடுவதும் கடைக்காரர் உரிமை. நம் பொருளை வீட்டிலும் வைத்திருப்பது நம் கடமை.

தமிழெழுத்தைப் பற்றி

ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒருங்கே வழங்குகின்றன. மேஸ்திரி தம் மொழியில் எழுத முடியாத செயலி, மேலாளர் மட்டும் எழுதும் செயலியாகிவிடும். சட்டைப்பைக் குறிப்பும் ஒழியாது. மேலே கூறிய செயலிகள் யாவற்றிலும் யூனிகோடு தமிழ் எழுதலாம். பழைய காலத்துக் கோப்புகளே தொல்லை தருவன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி டாப், டாம் என்னும் குறியீடுகள் வழக்கிற்கு வந்தன. தனியார் எழுத்துருக்களும் பல இருந்தன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோட்டையும் டேஸ்16ஐயும் நியமமாக ஏற்றது. அதற்கு முற்பட்ட கோப்புகளை உரிய எழுத்துரு இன்றித் திறப்பின் பொருளற்ற குறிகளே தோன்றும். அவற்றை இப்பொழுதே யூனிகோட்டுக்கு மாற்றி வைத்தல் வேண்டும். தமிழ் பி.டி.எஃப். கோப்பிலிருந்து எழுத்தைப் பெயர்த்தெடுக்குங்கால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதைவதும் பலர் கண்டதே. ஆதலின் பி.டி.எஃப். உடன் திருத்தக்கூடிய மூலத்தையும் சேர்த்தே காத்தல் வேண்டும்.

எவர்க்கு எது?

தனியே பயிலும் மாணவர்க்கு ஆப்சிடியன் போன்ற எளிய எழுத்துக் கோப்பு முறை போதும். பலர் கூடி அறிக்கை எழுதும் மாணவர் குழுவுக்குக் கூகுள் டாக்ஸ் பொருந்தும். அறிக்கை முடிந்த அன்றே அதனைப் பதிவிறக்கி வைத்தல் வேண்டும். ஆலைகளோடு படிவம் பரிமாறும் பட்டறைக்கு எக்ஸெலும் ஒழுங்கான கோப்பறையும் அடிப்படை. விற்பனைக் கணக்கும் ஓரிடத்தில் வேண்டுவோர் ஜோஹோவை ஆராயலாம். வேலை பலவாகி, யார் எதைச் செய்கின்றனர் என்பதே குழப்பமாயுள்ள அலுவலகத்துக்கு நோஷன் ஒளி தரும். ஆனால் தரச் சான்றிதழ்களின் ஒரே இருப்பிடமாக அதனைக் கொள்ளலாகாது.

எதனைத் தெரிந்தெடுப்பினும் மூன்று விதிகள் பொது. கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கவேண்டும். திறவுகோல் இருவரிடம் இருக்கவேண்டும். திங்கள்தோறும் முழுப்பதிவையும் வெளியே எடுத்துத் தனி வட்டில் வைக்கவேண்டும். எடுத்ததை வேறொரு கணினியில், இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பார்க்கவேண்டும். மூன்றாவதைச் செய்யாதார் மிகப் பலர்.

மாணவர் செய்து பார்க்க ஒரு பயிற்சி கூறுவோம். உம் வீட்டார் தொழில் ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் ஆவணங்களுட் பத்தினை இரு செயலிகளில் ஏற்றுக. ஒரு வாரம் ஆண்டபின், அனைத்தையும் வெளியே எடுத்து, இதனை முன்பு காணாத ஒருவரிடம் கொடுத்து, "இவற்றுள் கடைசித் திருத்தம் எது? இன்னார்க்குச் சரக்கு அனுப்பிய நாள் எது?" என்று கேட்க. அவர் தடையின்றி விடை கூறுவாராயின் அச்செயலி தகுதியுடையது. விழிப்பாராயின், எவ்வளவு அழகியதாயினும் அதனை நம்பி மூலத்தை எறிதல் ஆகாது.

முடிவுரை

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. மேகக் கணினியிற் போடுவதற்கும் அம்மொழி பொருந்தும். எம் குழுவினர் இப்பொழுதும் நாகரசம்பட்டிக்குச் செல்கின்றனர், செயலியிலும் பதிகின்றனர். கணக்கு இப்போது மூவர் பொறுப்பில் உள்ளது. பருவம் முடிந்ததும் தோப்புக்காரர் ஒவ்வொருவர்க்கும் அவர் கணக்கைத் தமிழில் அச்சிட்டு ஒரு படி கொடுத்து வருகின்றனர். அம்முதியவரும் ஒரு படி பெற்றார். கண்ணாடியை அணிந்து முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்து, மடித்துத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டார். அவருடைய பழைய நோட்டிலிருந்த ஆண்டுகளின் கணக்கு மட்டும் எமக்கு மீளவில்லை. இதனைப் படிக்கும் இளைஞர், தம்மை நம்பிப் பிறர் தரும் கணக்கை அங்ஙனம் இழவாதிருப்பாராயின், யாம் இக்கட்டுரை எழுதியதன் பயனைப் பெற்றோமாவோம்.